எந்தக் கை

பார்சலுக்குக் கையெழுத்து வாங்க மெஷினை நீட்டிய கையில்தான் முதல் அடி விழுந்தது. ஷட்டரை இழுத்து மூடுகிற கொக்கிக் கம்பி அது. மணிக்கட்டில் விழுந்த சத்தம் வெளியே பெட்டிக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அடித்தது யார் என்று தங்கப்பாண்டி பார்க்கவில்லை. மெஷின் தரையில் விழுந்து அதன் கண்ணாடி சிதறியதைத்தான் பார்த்தான். கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்ற பதற்றத்தில் குனிந்து அதை எடுக்கப் போனான். இரண்டாவது அடி தோளில் இறங்கியது. மூன்றாவது தலைக்கு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்திருந்ததால் கம்பி வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. அதற்கு மேலும் அடித்தவன் நிறுத்தவில்லை. விழுந்து கிடந்தவனின் அதே கையை மிதித்தான். அவன் பெயர் பால்துரை. தங்கப்பாண்டியின் மனைவி முத்துச்செல்விக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

பால்துரையின் வீடியோ கடை முத்தையாபுரத்தில், திருச்செந்தூர் சாலையைப் பார்த்து இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கடக்கும்போதெல்லாம் அலமாரியில் அடுக்கிய டி.வி.டி. உறைகள் லேசாக நடுங்கும். ஊரே போனில் படம் பார்க்கத் தொடங்கிய பிறகும் அவனிடம் ஒரு கூட்டம் மிச்சமிருந்தது. துறைமுகத்தில் ஓய்வுபெற்றவர்கள், கப்பல் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறவர்கள். டி.வி.டி. தட்டு அலமாரியில் இருந்தால்தான் படம் தங்களுடையது என்று நினைக்கிற ஆட்கள். அவர்களுக்காக அவன் சென்னைக்குப் போன் போட்டு ஒரிஜினல் வரவழைப்பான். வந்தவர்களை உட்காரவைத்து, கடை டி.வி.யில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுவான். எந்தப் பதிப்பில் ஒலி சுத்தம், எதில் பாட்டை வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்வான். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சிலர் அதை போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, "வாரேன் துரை" என்று கிளம்பிப் போவார்கள். அந்த வாரமே அதே படம் அட்டைப்பெட்டியில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகும். அந்தப் பகுதிக்குப் பார்சல் கொண்டுபோகிறவன் தங்கப்பாண்டி.

தங்கப்பாண்டி முன்பு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஆட்டோ கைவிட்டுப்போனதும் ஆன்லைன் கம்பெனியில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தான். அன்றைக்கே பால்துரை வீடு தேடி வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "ஊருல எவ்வளவோ சோலி கெடக்கு. என் கடைய மூடுத சோலிதான் ஒமக்குக் கெடச்சுதா மாப்ள?" என்று கேட்டான். "நான் கொண்டு போகலன்னா இன்னொருத்தன் கொண்டு போவான் மச்சான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நானா பாக்கேன்?" என்றான் தங்கப்பாண்டி. அது உண்மைதான். ஆனாலும் அதன்பிறகு பால்துரை தங்கச்சி வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்குப் பால்துரையின் மனைவி தேவகனி மட்டும் சீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போனாள்.

சம்பவம் நடந்த அன்று காலையில் ஜேசுதாசன் கடையில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். முட்டுவலிக்காரர். பால்துரையின் கடையில் ஒரு ஸ்டூல் அவருக்கென்றே கிடந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் புதுப்பித்து ஒரே பெட்டியாக வெளியிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னதே பால்துரைதான். சென்னைக்கு ஆர்டரும் கொடுத்திருந்தான். எப்போது வரும் என்று அவன் விசாரித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. "ஆமாப்பா, வீட்டுல ஆள் இல்ல. நான் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் பக்கம் வீடியோ கடையில இருக்கேன். இங்கனயே கொண்டா" என்றார். அதில் ஒன்றும் அவருக்குத் தவறாகத் தோன்றவில்லை.

தங்கப்பாண்டி பைக்கைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு, வெளியே வரும்படி கையைக் காட்டினான். "முட்டு வலிக்குல்லா தம்பி, உள்ள கொண்டா" என்றார் அவர். அவன் கொஞ்சம் தயங்கிப் படியேறினான். மச்சானைப் பார்த்துத் தலையசைத்தான். பால்துரை பார்க்காத மாதிரி இருந்தான்.

"துரை, ஒரு கத்தரிக்கோல் இருக்காப்பா?"

பால்துரை கொடுத்தான். ஜேசுதாசன் ஒட்டுத்தாளை வெட்டினார். சுற்றியிருந்த குமிழ்த்தாளை உரித்தார். உள்ளே இருந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களின் பெட்டி வந்தது. அதன் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தோடு பால்துரையிடமே நீட்டினார். "ஒன் பிளேயர்ல ஒண்ணப் போட்டுப் பாத்துருவமா? கீறல் இருந்தா இப்பமே இவன்கிட்டத் திருப்பி விட்டுரலாம்லா."

பால்துரை அந்தப் பெட்டியை வாங்கினான். மேஜைமேல் பத்திரமாக வைத்தான். ஷட்டர் பக்கம் போய், மூலையில் சாத்தியிருந்த கம்பியை எடுத்தான்.

முத்துச்செல்விக்குத் தகவல் போனபோது அவள் இறால் கம்பெனியில் உரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் கிடந்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. போனைப் பிடிக்க முடியாததால் பக்கத்தில் இருந்தவள்தான் காதோரம் வைத்தாள். "கையில அடி" என்று மட்டும் காதில் விழுந்தது. பைக்கில் எங்கேயோ விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். தலையில் போட்ட வெள்ளைத் தொப்பியோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, வார்டு வாசலில் ஜேசுதாசன் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. அவர் சொல்லித்தான் அடித்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான்தாம்மா ஆட்டோவுல கொண்டாந்தேன். மாதா சத்தியமாச் சொல்லுதேன், இப்பிடி ஆவும்னு நான் நெனைக்கல" என்றார். சட்டையில் இருந்த ரத்தத்தை விரலால் தேய்த்தார். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? அவன்கிட்ட வாங்குன தட்டு ரெண்டு தடவ பாதியில நின்னு போச்சு. மாத்திக் கேட்டா மூஞ்சியத் தூக்குதான். போன்ல வாங்குனா, புடிக்கலன்னா வீட்டுல வந்து எடுத்துக்கிடுதான். ஆனா போன்கிட்ட ஒக்காந்து படத்தப் பத்திப் பேச முடியுமா? பேசணும்னா துரைகிட்டதான் பேசணும். கடையில பேசுனேன், போன்ல வாங்குனேன். எல்லாரும் அப்பிடித்தான பண்ணுதாவ?"

முத்துச்செல்வி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டியின் வலது கை தலையணை மேல் வீங்கிக் கிடந்தது. மணிக்கட்டு எலும்பு நொறுங்கியிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் முன்புபோல மடங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கையால்தான் அவன் பைக்கின் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்க வேண்டும். மருந்தின் மயக்கத்தில் இருந்தவன் அவள் குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்தான்.

"ஏளா, ஒங்கண்ணன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. கையத்தான் பாத்து அடிச்சான்."

"பேசாதிய. தூங்குங்க."

"மெஷின் ஒடஞ்சு போச்சு. செந்தூர்வேல்ட்ட சொல்லிரு. கம்பெனியில கேப்பாவ."

அவள் வெளியே வந்து தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா உப்பளத்தில் மூட்டை தூக்கினார். அளத்துக்காரரிடம் ஏச்சு வாங்கிய நாட்களில் வீட்டுக்கு வருகிற அவருடைய நடையே வேறு மாதிரி இருக்கும். கதவைச் சாத்திவிட்டு இடுப்பு பெல்ட்டை உருவுவார். பால்துரை அவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி, மேலே கவிழ்ந்துகொள்வான். அடி எல்லாம் அவன் முதுகில் விழும். அவள் காதுக்குள் அவன் மூச்சு சூடாக இரைந்துகொண்டே இருக்கும். அந்த மூச்சை அவளால் இப்போதும் கேட்க முடிந்தது. அந்த அண்ணன்தான் இந்தக் கையை நொறுக்கியிருக்கிறான் என்பதை அதோடு சேர்த்து வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சேர்த்துப் பார்க்கவும் முடிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் தேவகனி வந்தாள். தலைகூட வாரவில்லை. வந்தவள் முத்துச்செல்வியின் காலைப் பிடித்தாள்.

"மதினி, எந்திரிங்க. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். போலீசுக்கு எழுதிக் குடுத்துராதளா முத்து. படியில விழுந்துட்டாருன்னு தம்பியச் சொல்லச் சொல்லு. ஒங்கண்ணன் சோறு திங்கல. கடையத் தொறந்து வச்சுக்கிட்டு அங்கனயே உக்காந்திருக்காரு. ஒடஞ்ச கண்ணாடியக்கூட அள்ளல. என்னத்துக்கு அடிச்சியன்னு கேட்டா, தெரியலன்னு சொல்லுதாரு."

"அவனுக்குத் தெரியலயா?"

"கோவம்ளா. எல்லாக் கோவமும் சேந்து வந்துட்டு. ஒரு வருசமா யாரும் வாங்காம, பாத்துட்டுப் பாத்துட்டுப் போனா மனுசன் என்னதான் செய்வான்?"

முத்துச்செல்வி அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். எழுதிக் கொடுப்பதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேவகனி டீயைக் குடிக்காமல் தங்கப்பாண்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈ ஓட்டத் தொடங்கினாள். தங்கப்பாண்டி அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மத்தியானம் செந்தூர்வேல் வந்தான். தங்கப்பாண்டியோடு டெலிவரிக்குப் போகிறவன். கீழே அவனோடு வேறு சில பைக்குகளும் நின்றன. முதுகில் பெரிய பைகளோடு பையன்கள் இன்ஜினை நிறுத்தாமல் இருந்தார்கள். அவன் கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தான். வெளியே வந்து முத்துச்செல்வியிடம் தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, டெய்லி எவன் எவன்ட்டயோ ஏச்சு வாங்குதோம். லேட்டா வந்தா ஏச்சு, பெட்டி நசுங்குனா ஏச்சு. நாய அவுத்து விடுதான். இன்னைக்கு அண்ணனுக்குன்னு விட்டுட்டா நாளைக்கு எங்களுக்கு. போலீஸ் கீலீஸ் எல்லாம் ஒண்ணும் வேண்டாம். நாங்க பாத்துக்கிடுதோம்."

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அவன் அதற்காகத்தான் காத்து நின்றான். அவள் தாழ்வாரத்துக் கம்பிகளின் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். பைக்குகள் கிளம்பும் சத்தம் கேட்டது. அது அடங்கிய பிறகுதான் அவள் நகர்ந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கீழே இறங்கி ஒரு ஆட்டோவில் ஏறினாள். போகிற வழியெல்லாம், தடுக்கப் போகிறோமா பார்க்கப் போகிறோமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சாலை பூராவும் தட்டுகள் வெயிலில் பளபளத்துக் கிடந்தன. லாரி ஒன்று நிற்காமல் அவற்றின் மேல் ஏறிப் போனது. பையன்கள் அலமாரியை மொத்தமாக இழுத்து வெளியே கவிழ்த்திருந்தார்கள். டி.வி. படியில் முகம் குப்புறக் கிடந்தது. கடைக்குள் பால்துரை மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் ஹெல்மெட்டால் அவனை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பெட்டிக்கடைக்காரர் தன் கடையின் தட்டியை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் உள்ளே நுழைந்ததும் அடி நின்றது. தடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து செந்தூர்வேல் பையன்களைப் பின்னால் இழுத்தான். அவள் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்தான்.

"எண்ணே."

அவன் வாயைத் துடைத்தான்.

"ஸ்டூல்ல ஒரு மனுசன் இருந்தாருல்லா. அவருதான வாங்குனாரு? ஒங்கிட்டக் கேட்டுட்டு, ஒங் கத்தரிக்கோல வாங்கி, ஒங் கண்ணு முன்னால பிரிச்சது அவருதான? அவர என்னத்துக்கு அடிக்கல?"

பால்துரை யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"அவரு கஸ்டமர்ல்லா" என்றான்.

"அப்பம் இவரு?"

"இவன் நம்ம வீட்டு ஆளுல்லா, முத்து."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமே இல்லை. அவள் இன்னும் கிட்டே போனாள். அவன் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். ஒவ்வொரு அறைக்கும் தலை ஒரு பக்கம் போய் மறுபடி நேராக வந்தது. அப்பா சாகும் வரைக்கும் அவரிடம் சொல்ல முடியாத வார்த்தைகள் எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தன. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உடைந்த கண்ணாடிக்கு நடுவில் கம்பி கிடந்தது. அவள் அதை எடுத்தாள்.

"எந்தக் கையில அடிச்ச?"

அவனுக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்து எழுந்தான். மேஜை மேல் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் புறங்கையால் ஒதுக்கினான். வலது கையை அதன்மேல் வைத்து விரல்களை விரித்தான். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, வேண்டாம். நீங்க போங்க, போலீஸ் வந்துரும்" என்றான் செந்தூர்வேல்.

அவள் இரண்டு கையாலும் கம்பியை ஓங்கி இறக்கினாள். ஈர விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பால்துரை கத்தவில்லை. அவன் மூச்சு மட்டும் உள்ளே போய், அங்கேயே நின்று, பிறகு நீளமாக வெளியே வந்தது. கை மேஜையை விட்டு நகரவில்லை. அவள் மறுபடி ஓங்கினாள். செந்தூர்வேல் பின்னாலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனும் அவளுமாகக் கொஞ்ச நேரம் அதை இழுத்தார்கள். அவள் பலம் அவனுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் ஒரு விரல் ஒரு விரலாகப் பிரித்துத்தான் அவள் கையிலிருந்து அதை வாங்க முடிந்தது.

அன்று சாயங்காலம் ஏட்டு வார்டுக்கு வந்தார். தங்கப்பாண்டி படியில் விழுந்தேன் என்றான். யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்கு நடந்தது முழுவதும் அதற்குள் தெரிந்திருந்தது. அடுத்த கட்டிலை விட்டு அதற்கும் அடுத்ததில் பால்துரை கிடந்தான். தலையில் தையல், கையில் மாவுக்கட்டு. அவன் ஷட்டர் விழுந்துவிட்டது என்றான். ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே குடும்பம், ஒரே கை. நல்லா விழுந்திருக்கிய வே" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

தேவகனி அதுவரைக்கும் புருஷனின் கட்டிலருகே அசையாமல் நின்றாள். ஏட்டு போனதும் முத்துச்செல்வியிடம் வந்தாள். காலையில் காலைப் பிடித்தபோது இருந்த முகம் இப்போது அவளிடம் இல்லை.

"அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுத் தீத்துக்கிட்டிய. நல்லது. கடைய யாரு எனக்குத் திருப்பித் தருவா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வருவாளா என்று பால்துரையும் கேட்கவில்லை.

தங்கப்பாண்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஏளா, நான் ஒன்ன அடிக்கச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டான். அதன்பிறகு அவளிடம் பேசவில்லை. அவள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் சுவரோரமாக நின்றாள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. நடுவில் இருந்த கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பால்துரை இடது கையால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பார்த்தான். அது வயிற்றில் சாய்ந்து உருண்டது. மறுபடியும் எடுத்து முழங்காலுக்கு நடுவில் இடுக்கினான்.

நர்ஸ் ஆனி கேஸ் சீட்டோடு வந்தாள். தங்கப்பாண்டியின் கட்டிலைக் காட்டி, "இவருக்கு நீங்க யாரும்மா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரி."

எழுதிக்கொண்டாள். பால்துரை கிடந்த கட்டிலைப் பார்த்தாள். "அவருக்குக் கூட இருக்க யாரும் இல்லியா? அவருக்கு யாரு?"

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். பால்துரை பாட்டிலை இடுக்கியபடியே அப்படியே இருந்தான். தங்கப்பாண்டியின் முதுகும் அசையாமல் இருந்தது.

நர்ஸ் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். ரத்தக் கறை பட்ட சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்த அவள் வலது கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இறால் உரித்து மெலிந்துபோன உள்ளங்கைத் தோல் கம்பியோடு இழுபட்டதில் குறுக்கே பிளந்து, துணியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. பிரித்தபோது புதிதாக ரத்தம் கசிந்தது. அதுவரை அங்கே வலி இருந்ததே அவளுக்குத் தெரியாது. நர்ஸ் அந்தக் கையை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.